செயலிக்குக் கட்டிங் தெரியாது: குடியைக் குறைக்கக் கைபேசியைப் பழக்குவது எப்படி?

“மாமா, இதுல கட்டிங் எங்க இருக்கு?”

என் மச்சினன் கைபேசியை நீட்டிக்கொண்டு கேட்டான். குடியைக் குறைக்கிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு அன்று காலைதான் ஒரு செயலியை இறக்கியிருந்தான். திரையில் ஒயின் கிளாஸ் இருந்தது, பெரிய பீர் கிளாஸ் இருந்தது, குடை செருகிய காக்டெயில்கூட இருந்தது. டாஸ்மாக் வாசலில் இரண்டு பேர் ஒரு குவார்ட்டரைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும் கட்டிங் மட்டும் இல்லை. வேறு வழி தெரியாமல் ‘ஒரு டிரிங்க்’ என்று பதிந்திருந்தான். செயலி பச்சை வட்டம் போட்டு, பூங்கொத்துப் படம் காட்டி, அவனைப் பாராட்டியிருந்தது.

அவன் குடித்ததோ மூன்று டிரிங்க்.

குடியைக் குறைக்க உதவும் செயலிகள் பெரும்பாலும் லண்டனையும் நியூயார்க்கையும் மனதில் வைத்துச் செய்தவை. நம் ஊர்க் கணக்கைக் கற்றுக்கொடுக்காமல் விட்டால் அவை நமக்குப் பொய்தான் சொல்லும். அதனால் எந்தச் செயலி நல்லது என்பதைவிட, செயலிக்குள் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் இந்த வழிகாட்டி அதிக நேரம் நிற்கும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கணினி, கைபேசி வழியாகக் குடியைக் குறைக்க உதவும் முறைகளை 57 ஆய்வுகளிலிருந்து தொகுத்து, மருத்துவ ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2017-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அவற்றைப் பயன்படுத்தியவர்கள் மற்றவர்களைவிட வாரத்துக்குச் சராசரியாக 23 கிராம் ஆல்கஹால் குறைவாகக் குடித்தார்கள். நம் கணக்கில் அது ஒரு கட்டிங்குக்கும் கொஞ்சம் கீழே. சராசரி அதுதான், சிலருக்கு நிறையக் குறையும், சிலருக்கு ஒன்றுமே நடக்காது. விளம்பரத்தில் வருவதுபோல முப்பது நாளில் புது மனிதன் ஆகிவிட முடியாது.

முதலில்: செயலி யாருக்கு வேண்டாம்?

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா? ஒரு வாய் போட்டால்தான் அடங்குகிறதா? ஒருநாள் குடிக்காமல் இருந்தபோது வியர்த்துக்கொட்டி, தூக்கம் போய், வலிப்பு வந்ததுண்டா? இல்லாத பூச்சியோ ஆளோ கண்ணுக்குத் தெரிந்ததுண்டா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் செயலியை வைத்துக்கொண்டு நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். நாள்தோறும் அதிகம் குடித்துப் பழகிய உடம்புக்குத் திடீரென்று மது நின்றால் சில மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை புத்தி தடுமாறிக் காய்ச்சலடிக்கும் நிலை வரலாம். அதில் உயிரே போவதும் உண்டு. “இன்னையோட விட்டுட்டேன்” என்று சபதம் போட்டு வீட்டில் படுத்துக்கிடந்தவரை மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு ஓடிய கதைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன.

இவர்களுக்கு மருத்துவர் மாத்திரையும் தயாமின் (வைட்டமின் பி1) ஊசியும் கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்த வைப்பார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். சென்னையில் 1980-லிருந்து இதற்கென்றே டி.டி.கே. மருத்துவமனை இயங்குகிறது. எங்கே போவதென்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம். போதை மறுவாழ்வுக்கான தேசிய உதவி எண் 14446. வலிப்பு வந்துவிட்டால் 108.

கர்ப்பிணிகள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், வேறு நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் ஆகியோரும் முதலில் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

படி 1: மூன்று கேள்வி

செயலியை இறக்குமுன் நீங்கள் இப்போது எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ‘ஆடிட்’ என்ற பத்துக் கேள்விப் பட்டியலைத்தான் பல செயலிகளும் தொடக்கத்தில் கேட்கின்றன. மொத்தம் 40 மதிப்பெண். 8-ஐத் தொட்டால் கவனிக்க வேண்டிய குடி. 20-ஐத் தொட்டால் செயலியை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

அவசரத்துக்கு முதல் மூன்று கேள்விகளே போதும்: எத்தனை நாளைக்கு ஒருமுறை குடிக்கிறீர்கள், குடிக்கும் நாளில் எத்தனை டிரிங்க், ஒரே அமர்வில் ஆறோ அதற்கு மேலோ குடிப்பது எத்தனை முறை. மொத்தம் 12 மதிப்பெண். ஆண்களுக்கு 4, பெண்களுக்கு 3 வந்தாலே யோசிக்க வேண்டும்.

“வாரத்துக்கு ரெண்டு நாள், ஒரே ஒரு குவார்ட்டர், அவ்வளவுதான்” என்று சொல்கிறவரை இதில் போட்டுப் பாருங்கள். வாரம் இரண்டு நாளுக்கு 3, ஆறு டிரிங்குக்கு 2, வாராவாரம் ஆறைத் தொடுவதற்கு 3. மொத்தம் 8. அளவாகக் குடிக்கிறேன் என்று நம்பிக்கொண்டிருக்கும் பலர் இந்த இடத்தில்தான் திகைத்துப்போகிறார்கள். ஒரு குவார்ட்டர் எப்படி ஆறு டிரிங்க் ஆனது?

படி 2: குவார்ட்டருக்குக் கணக்கு

பாட்டிலின் மேல் எழுதியிருப்பது இரண்டே எண்: மில்லி, சதவீதம். மில்லியைச் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்தால் அதில் உள்ள சுத்த ஆல்கஹால் மில்லியில் கிடைக்கும். ஆல்கஹால் தண்ணீரைவிட இலேசானது, அதனால் 0.79-ஆல் பெருக்கினால் கிராம்.

நம்மூர் பிராந்தி, ரம், விஸ்கி பெரும்பாலும் 42.8 சதவீதம். குவார்ட்டர் 180 மில்லி. 180-ஐ 42.8-ஆல் பெருக்கி நூறால் வகுத்தால் 77 மில்லி. கிராமில் கிட்டத்தட்ட 61. இந்தியாவில் ஒரு ஸ்டாண்டர்ட் டிரிங்க் என்பது 10 கிராம். ஆக ஒரு குவார்ட்டர் ஆறு டிரிங்க். கட்டிங் 90 மில்லி, மூன்று டிரிங்க். 30 மில்லி ஸ்மால் பெக் ஒன்று. 60 மில்லி லார்ஜ் இரண்டு. ஆஃப் பாட்டில் 375 மில்லி, பன்னிரண்டரைக்கு மேல்.

பீர் என்றால் சாதுவானது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. 650 மில்லி பாட்டில் 5 சதவீதமாக இருந்தால் இரண்டரை டிரிங்க். அதே பாட்டில் 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் நான்கு, கட்டிங்கைவிட அதிகம். “நான் பீர்தான்” என்கிறவர்கள் லேபிளைத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

இனி செயலிக்கு வருவோம். பிரிட்டன் செயலிகள் ‘யூனிட்’ என்று கேட்கும். அங்கே ஒரு யூனிட் 8 கிராம். அமெரிக்கச் செயலிகளின் ‘டிரிங்க்’ 14 கிராம். அதே குவார்ட்டர் பிரிட்டன் கணக்கில் 7.7, அமெரிக்கக் கணக்கில் 4.3, இந்தியக் கணக்கில் 6. எந்த நாட்டுக் கணக்கு என்று செட்டிங்கில் பார்த்துக்கொள்ளாவிட்டால் எல்லாமே குழம்பிவிடும். பெரும்பாலான செயலிகளில் நாமே ஒரு பானத்தைச் சேர்க்கும் வசதி இருக்கிறது. அங்கே போய் ‘கட்டிங்’ என்று தமிழிலேயே பெயர் வைத்து, 90 மில்லி, 42.8 என்று போட்டுவிடுங்கள். குவார்ட்டர், ஸ்ட்ராங் பீர் என்று உங்கள் வழக்கத்தில் உள்ளதையும் சேர்த்தால் வேலை முடிந்தது. பத்து நிமிடம் ஆகும்.

வீட்டில் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் குடிப்பவர்களுக்கு ஒரு யோசனை. ஒருநாள் மட்டும் இருமல் டானிக் மூடியால் அளந்து ஊற்றிப் பாருங்கள். கை ஊற்றும் ‘ஒரு பெக்’ எத்தனை மூடி என்று அப்போது தெரியும். மச்சினனின் ஒரு பெக் எட்டு மூடி வந்தது. 10 மில்லி மூடி.

ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு எண். பிரிட்டன் மருத்துவ ஆலோசனைப்படி வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம். அது 112 கிராம். இரண்டு குவார்ட்டருக்கே இடம் போதாது, அதுவும் ஒரு வாரம் முழுவதற்கும். உலக சுகாதார நிறுவனம் 2023-ல் இன்னும் ஒரு படி மேலே போய், மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்றே சொல்லிவிட்டது.

படி 3: எந்தச் செயலி?

குறைக்கப் போகிறீர்களா, அடியோடு விடப் போகிறீர்களா? அதைப் பொறுத்துச் செயலி மாறும்.

விட்டவர்களுக்கு ‘ஐ ஆம் சோபர்’ போன்ற நாள் எண்ணும் செயலிகள் பொருந்தும். காலையில் ஓர் உறுதிமொழி, இரவில் ஒரு டிக், எத்தனை நாள் ஆயிற்று என்ற எண். குறைக்க நினைப்பவருக்கு இது சரிவராது. ஒருநாள் குடித்தாலே எண் பூஜ்யத்துக்குப் போய்விடும்.

குறைப்பவர்களுக்கு அளவைப் பதியும் செயலி வேண்டும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் செய்த ‘டிரிங்க் லெஸ்’ இந்த வகையில் அதிகம் ஆராயப்பட்டது. பிரிட்டன்வாசிகளை மனதில் வைத்தது. அங்கே இருக்கும் தமிழர்களுக்கு நேரடியாகவே பொருந்தும். ‘ஆல்கஹால் சேஞ்ச் யூகே’ என்ற தொண்டு அமைப்பின் ‘டிரை டிரை’ செயலியில் குடிக்காத நாளையும் குறைத்த அளவையும் சேர்த்தே பதியலாம்.

என்னைக் கேட்டால், தமிழ்நாட்டில் ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் ஒருவருக்கு மதுவுக்கென்று தனிச் செயலியே தேவையில்லை. ‘லூப் ஹேபிட் டிராக்கர்’ என்று ஒன்று இருக்கிறது. இலவசம், விளம்பரம் கிடையாது, ஓபன் சோர்ஸ், கணக்குத் திறக்கச் சொல்லாது. அதில் எண்ணால் அளக்கும் பழக்கம் ஒன்றைச் சேர்த்து, இலக்கை ‘அதிகபட்சம்’ என்று வைத்துவிடலாம். பெயரை ‘தண்ணி’ என்று வைத்தால் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்க்கிறவர் நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றுதான் நினைப்பார். பொய்யும் இல்லை.

இரண்டு வகைச் செயலிகளைத் தொடவே தொடாதீர்கள். ஒன்று, ரத்தத்தில் எவ்வளவு ஆல்கஹால் ஏறியிருக்கிறது என்று மதிப்பிட்டுச் சொல்பவை. சுவீடனில் அரசு மதுக்கடை நிறுவனம் வெளியிட்ட அப்படியொரு செயலியைக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்து 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். குடி குறையவில்லை, ஆண்களிடம் குடிக்கும் தடவைகள் கூடவே செய்தன. ‘இன்னும் இடமிருக்கிறது’ என்று காட்டும் கருவி வேறு என்ன செய்யும்? நம் நாட்டில் வண்டி ஓட்ட எல்லை 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். செயலி சொன்னது என்று போலீஸ்காரரிடம் சொல்ல முடியாது.

இரண்டாவது, ‘குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்’ என்று பொடி விற்பவை. செயலியாகவும் வரும், வாட்ஸ்அப்பிலும் வரும். பொடிக்குள் என்ன இருக்கிறதென்று வாங்குகிறவருக்குத் தெரியாது. குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாதிரி மருந்து அதில் இருந்து, அது தெரியாமல் அவர் குடித்தால், ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. மருத்துவர்கள் அந்த மாத்திரையை நோயாளியின் சம்மதத்தோடுதான் கொடுப்பார்கள்.

படி 4: இரண்டு வாரம் எழுத மட்டும் செய்யுங்கள்

முதல் நாளிலேயே குறைக்கத் தொடங்குவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இரண்டு வாரம் வழக்கம்போல இருங்கள். பதிவது மட்டும் புதிது. நேரம், அளவு, யாருடன், அதற்கு முன்பு மனசு எப்படி இருந்தது. நான்கு சொல் போதும்: “7.40, கட்டிங், செல்வத்தோட, கடுப்பு.”

ஒரே ஒரு விதி: ஊற்றுவதற்கு முன் பதியுங்கள். குடித்த பிறகு பதிகிறேன் என்றால் மூன்றாவது ரவுண்டுக்குப் பிறகு கணக்கே இருக்காது. மறுநாள் காலை நினைவிலிருந்து எழுதினால் நினைவு நமக்குச் சாதகமாகத்தான் பேசும்.

மச்சினனின் பதிவைப் பதினைந்தாம் நாள் உட்கார்ந்து பார்த்தோம். சனிக்கிழமைதான் அதிகம் என்று அவனே நினைத்திருந்தான். பார்த்தால் செவ்வாய்க்கிழமைகளில் இரட்டிப்பாக இருந்தது. செவ்வாய்தான் குழுக் கடனுக்குத் தவணை கட்டும் நாள். “அன்னிக்கு ஒரு மாதிரியா இருக்கும் மாமா” என்றான். சனிக்கிழமை நண்பர்களை விட்டுவிடச் சொல்லி ஆறு மாதமாக அறிவுரை சொல்லிக்கொண்டிருந்த நான் வாயை மூடிக்கொண்டேன்.

படி 5: இலக்கு

இரண்டு வாரத்தின் சராசரியை எடுத்து, அடுத்த வாரத்துக்கு அதில் பத்து முதல் இருபது சதவீதம் குறைத்து வையுங்கள். வாரம் 30 டிரிங்க் என்றால் 26, பிறகு 22. இதோடு குடிக்காத நாள் என்று வாரத்தில் இரண்டைக் குறித்துவிடுங்கள். இரண்டு இலக்கும் சேர்ந்துதான் வேலை செய்யும்: நாளை மட்டும் குறைத்தால் மீதி நாளில் அளவு ஏறும், அளவை மட்டும் குறைத்தால் தினமும் கடைக்குப் போகும் பழக்கம் அப்படியே இருக்கும். குறைக்கும்போது முதலில் சொன்ன நடுக்கமோ வியர்வையோ தலைகாட்டினால் அங்கேயே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

‘குறைக்கணும்’ என்று எழுதுவது இலக்கு ஆகாது. ‘செவ்வாய் தவணை கட்டியதும் நேராகப் போய்ப் பையனை டியூஷனிலிருந்து கூட்டிவருவேன்’ என்பது இலக்கு. ‘இப்படி நேர்ந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே எழுதிவைப்பவர்கள் சொன்னதைச் செய்துமுடிப்பது அதிகம் என்று உளவியல் ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. செயலியின் குறிப்புப் பகுதியில் இப்படி மூன்று வரி எழுதினால் போதும்.

படி 6: கடைக்கு முன்னால் கைபேசி பேச வேண்டும்

செயலிகளில் நினைவூட்டல் ஒலிக்கும் நேரத்தை மாற்றலாம், பெரும்பாலோர் மாற்றுவதில்லை. டிரிங்க் லெஸ் செயலியில் இரவு 8 மணிக்கு ஒரு செய்தி அனுப்பிச் சோதித்தார்கள். செய்தி வந்தால் அடுத்த ஒரு மணி நேரத்தில் செயலியைத் திறப்பது சுமார் மூன்றரை மடங்கு கூடியது. ஆனால் நம் ஊரில் எட்டு மணிக்குப் பாதிப் பேர் ஏற்கெனவே பாரில் இருப்பார்கள். கடை மதியம் 12-க்குத் திறந்து இரவு 10-க்கு மூடுகிறது. உங்கள் பதிவில் முதல் பெக் எத்தனை மணிக்கு என்று பார்த்து, அதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் நினைவூட்டலை வையுங்கள்.

இடத்தை வைத்தும் நினைவூட்டலாம். ஐபோனின் ரிமைண்டர்ஸில் ஓர் இடத்துக்கு வந்ததும் ஒலிக்கும்படி வைக்க முடியும். சாம்சங்கில் ‘மோட்ஸ் அண்ட் ரொட்டீன்ஸ்’ பகுதியில் இடத்தைக் கொடுத்து இதையே செய்யலாம். கடையின் இடத்தைக் குறித்து, அங்கே வந்ததும் மகளின் படமோ, நீங்கள் எழுதிய மூன்று வரியோ திரையில் வரட்டும். இது விளையாட்டு யோசனை இல்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் உருவாக்கிய ஏ-செஸ் என்ற செயலியில் இந்த வசதி இருந்தது. மறுவாழ்வு மையத்தில் தங்கிச் சிகிச்சை முடித்து வீடு திரும்பிய 349 பேரிடம் சோதித்து 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். செயலி இல்லாதவர்கள் முந்தைய 30 நாளில் சராசரியாக 2.75 நாள் அளவு மீறிக் குடித்திருந்தார்கள். செயலி வைத்திருந்தவர்கள் 1.39 நாள். அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் பேச ஆள் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் கைபேசியில் அந்தப் பொத்தான், ஒரு நல்ல நண்பனின் எண்ணை முகப்புத் திரையில் வைப்பதுதான்.

காலண்டரில் இன்னும் சில தேதிகள்: கடை மூடியிருக்கும் காந்தி ஜெயந்தி, சுதந்திர தினம், திருவள்ளுவர் தினம் போன்றவற்றுக்கு முந்தைய நாள். மூடியிருக்கும் நாளைவிட, ‘நாளைக்குக் கிடைக்காதே’ என்று இரண்டு மடங்கு வாங்கிவைக்கும் முந்தைய நாள்தான் ஆபத்து.

படி 7: ஆசை வரும்போது ஸ்டாப்வாட்ச்

குடிக்க வேண்டும் என்ற வேகம் அலைபோல ஏறும், உச்சம் போகும், இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள். அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இதை எதிர்த்து மல்லுக்கட்டாமல் அலைமேல் மிதக்கச் சொன்னார். ஸ்டாப்வாட்ச்சைத் தட்டிவிட்டு, தொண்டையில் தெரிகிறதா, வயிற்றிலா என்று கவனியுங்கள். முதலில் ஏதாவது சாப்பிடுங்கள். வெறும் வயிற்றுப் பசியைத்தான் பல நாள் நாம் குடிவெறி என்று தப்பாகப் படிக்கிறோம். வேகம் தணிந்ததும் எத்தனை நிமிடம் என்று பதியுங்கள். பத்துப் பதிவு சேர்ந்த பிறகு, ‘எனக்கு 18 நிமிடம்’ என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அளவு தெரிந்த ஒன்றைத் தாக்குப்பிடிப்பது எளிது.

படி 8: தவறிய நாள்

தவறும். கல்யாண வீடு, இழவு வீடு, பழைய நண்பன் துபாயிலிருந்து வருகிறான். இலக்கைத் தாண்டியதும் மனசு சொல்லும்: “அதான் போச்சே, இன்னொண்ணு போடுவோம்.” தவறியது ஒரு கட்டிங், இந்த நினைப்பு சேர்ப்பது ஒரு குவார்ட்டர். அதனால் அந்த நாளையும் மறைக்காமல் பதியுங்கள். பதியாமல் விட்ட நாளுக்கு மறுநாள் செயலியைத் திறக்கவே மனம் வராது. பலரும் செயலியைக் கைவிடுவது அப்போதுதான். ஒருநாளுக்கு மட்டும் பார்க்காமல் வார மொத்தத்தைப் பாருங்கள்.

காசு, ரகசியம், வீடு

காசுக் கணக்கு சிலருக்கு உடம்புக் கணக்கைவிட உறைக்கும். சரக்கு, சைட் டிஷ், தண்ணீர், கிளாஸ் எல்லாம் சேர்த்து ஒரு தடவைக்கு 250 ரூபாய் என்று வைத்தால், வாரம் ஐந்து நாளுக்கு மாதம் 5,400 ரூபாய். ஜிபே, போன்பே வரலாற்றைத் திறந்தால் உங்கள் உண்மைத் தொகை தெரியும்.

செயலியில் எழுதுவது உங்கள் உடல்நல விவரம். மது சிகிச்சை தரும் மான்யுமென்ட் என்ற அமெரிக்க நிறுவனம் பயனாளர் விவரங்களை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024-ல் நடவடிக்கை எடுத்தது. தொடர்பு எண்கள், மைக் ஆகியவற்றுக்கு அனுமதி கேட்கும் செயலிக்குக் கொடுக்காதீர்கள். உண்மைப் பெயர் தேவையில்லை.

மனைவிக்குக் காட்டலாமா? காட்டுவதென்றால் வார மொத்தத்தை நீங்களாகக் காட்டுங்கள். தினமும் கைபேசியை வாங்கிப் பார்க்கும் ஏற்பாடு வேண்டாம். இரண்டாவது வாரமே பதிவில் பொய் கலந்துவிடும். என் மனைவி தம்பியிடம் இதைத்தான் சொன்னாள்: “நீயே ஞாயித்துக்கிழமை ஒரு நம்பரை மட்டும் சொல்லுடா, நான் கேக்க மாட்டேன்.” கேட்காமல் இருப்பது அவளுக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

எட்டு வாரத்துக்குப் பிறகு

மூன்று கேள்வியை மறுபடி போடுங்கள். எண் இறங்கியிருந்தால் அதே இலக்கோடு தொடரலாம். பதிவை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். அசையவே இல்லை என்றால் இன்னொரு செயலியைத் தேடி நேரம் போக்காதீர்கள். பெரும்பாலான செயலிகளில் பதிவை ஒரு கோப்பாக எடுக்க முடியும். அதை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். “எவ்வளவு குடிப்பீங்க?” என்று மருத்துவர் கேட்டதும் எல்லோரும் “கொஞ்சம்தான் டாக்டர்” என்பார்கள். உங்களிடம் எட்டு வாரத்துக்கான தேதி, மணி, மில்லி எல்லாம் இருக்கும். அவர் இரண்டு நிமிடத்தில் படித்துவிட்டு நேராக மருந்துக்கு வருவார்.